இருப்பு

அரக்கும் மெழுகுவத்தியுமாக மூன்று பேர் வந்தார்கள்.
ரங்கூன், பசுண்டான் கால்வாயோரம்,
அரிசி ஆலைகளுக்குப் பல்லும் எலும்பும்
செய்து தருகிற பட்டறை எங்களுடையது.
நேற்றுவரை ராவுத்தருடையது. இன்று காலை ஏழு மணியிலிருந்து சர்க்காருடையது.

போ டுன் ஷெய்னுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை.
கட்டம் போட்ட பேரேட்டின் தலையில் ஒரு பர்மியச் சொல்.
சான் லின் என் காதில் பெயர்த்தான்: "இருப்பு."
நல்ல சொல்.
எங்களுக்கு அது சரக்கும்தான், இரும்பும்தான்,
இன்னும் இருக்கிறோம் என்பதும்தான்.
மூன்றாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி எங்கே?
"கம்பி நீட்டிவிட்டார்" என்றேன், வாய் தவறி.
சான் லின் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டான்.
அதிகாரி குனிந்து எழுதினார்:
கம்பி நீட்டும் எந்திரம், ஒன்று. காணவில்லை.

அப்புறம் விரல் ஒவ்வொன்றாய் நீண்டது.
பா லே? இது என்ன? பா லே?

அடைகல்.
கொம்பில் வளைப்போம், முகத்தில் தட்டையாக்குவோம்.
நாலு ஆள் சேர்ந்தாலும் நகராது, ஆகவே
களவு போகாத சாமான் என்று எழுதுங்கள்.

அரம். பிசிர் எடுக்க.
ரம்பம். அறுக்க.
(பாக்கியநாதன் ரம்பம் ஓய்ந்த பிறகும் அறுப்பான்;
அது பட்டியலில் வராது.)

மூலையில் கிடக்கும் அந்த மண்ணுருண்டையா?
அது கரு.
ஆற்றுமணலில் வெல்லப்பாகு பிசைந்து சுட்டது.
எறும்பு மொய்க்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள்.
அச்சுக்குள் இதை நிறுத்தி இரும்பை ஊற்றினால்
இரும்பு சுற்றிக்கொள்ளும், கரு உதிர்ந்து கொட்டிவிடும்.
தண்ணீர் ஓடப்போகிற அந்த ஓட்டைக்காகத்தான்
இத்தனை பாடும்.
"அப்படியானால் இது பொருளா, கழிவா?"
தெரியவில்லை, ஐயா.
வார்க்கும் வரை பொருள்.

மூசை, மூன்று. ஒன்றில் கீறல்.
வார்க்கிற நேரத்தில் யாரும் வார்த்தை விடமாட்டோம்.
சாமி பயமில்லை, ஈரத்தின் பயம்.
அச்சில் ஒரு சொட்டு தங்கியிருந்தால்
அதன் மூச்சைக் காது முதலில் கேட்க வேண்டும்.
சென்ற மழைக்காலத்தில் கேட்கத் தவறியவன் நான்.
சட்டையைத் தூக்கித் தோளைக் காட்டினேன்.
அதிகாரி எழுதவில்லை.

உளிக்குப் பதம் வைப்பது எப்படி என்று கேட்டார்,
கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல்.
பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கு.
பளபளக்கத் தேய். மறுபடி மெல்லச் சூடு காட்டு.
வைக்கோல் நிறம் ஓடி வந்ததும் எடுத்தால் கடைசல் உளி.
நீலம் வரை விட்டால் வில்லுக்கு ஆகும்.
இரண்டுக்கும் நடுவில், தும்மினால் போச்சு.
"அந்தப் பதம் எந்த அலமாரியில்?"
சான் லின் சிரித்துவிட்டான்.
எண்ணிக்கைக் கட்டத்தில் பேனா சற்று நேரம் நின்று
ஒரு மைப்பொட்டை விட்டுவிட்டு நகர்ந்தது.

கடைசியாகக் கடைசல் எந்திரம்.
அதன் வாயில் பாதி கடைந்த தண்டு ஒன்று
நேற்று மாலையிலிருந்து கவ்வியபடியே இருந்தது.
கெம்மண்டைன் ஆலையின் பம்புக்கு.
அறுவடை நெல் படகுகளில் வந்துகொண்டிருந்தது.
மூலப்பொருளில் சேர்ப்பதா, முடிந்த சரக்கிலா?
பேரேட்டில் இரண்டுக்கு மட்டுமே இடம்.

அரக்கு உருகத் தொடங்கியிருந்தது.
ஒரே ஓட்டு, என்றேன். பத்து தௌ.
மூன்று முடியின் கனம்கூட இருக்காது.
அதிகாரி வாசலைப் பார்த்தார்.
வாசலில் யாருமில்லை.
தலையை அசைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டை ஏறியது, எந்திரம் முனகியது,
உளி தொட்டது.
தண்டிலிருந்து ஒரு சுருள் கிளம்பி
அறாமல், அறாமல், முழங்கை நீளத்துக்கு வந்தது,
வரும்போது வெள்ளை, விழும்போது நீலம்.
எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள்
டுன் ஷெய்ன் குனிந்து எடுத்துவிட்டார்.
சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு,
சின்னப் பிள்ளைபோல், கேட்டார்:
பா லே?

சீவல் என்றேன்.
சான் லினுக்குப் பர்மியச் சொல் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் அரக்கு வைத்தார்கள்.
என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள்:
மேற்கண்டவை தவிர வேறொன்றும் இல்லை.
நானும் போட்டேன்,
அவருடைய காக்கிச் சட்டைப் பை
சற்றே புடைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே.